சுவருக்குள் ஓதம்

தமிழில் ‘ஓதம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கடல்நீர் பொங்கி ஏறுவது ஓதம். வீட்டுச் சுவரிலும் தரையிலும் ஊறி நிற்கும் ஈரமும் ஓதமே. காவிரியின் கடைமடையில், வங்கக் கடலின் விளிம்பில் இருக்கும் காரைக்கால் மக்கள் இவ்விரண்டு ஓதங்களோடும் பழகியவர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில் பெய்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று வீட்டைப் பார்த்தால், சுவரின் அடிப்பாகம் இடுப்பளவு உயரத்திற்குக் கறுத்திருக்கும். பூச்சு பொரிந்து உதிரும். அலமாரியை நகர்த்தினால் பின்னால் பூசணம் படர்ந்திருக்கும். கொத்தனார் வந்து அந்தப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாகச் சிமென்டு பூசுவார். அதன்மேல் வண்ணமும் ஏறும். மறு ஆண்டு அதே இடத்திலோ, அதற்கு ஒரு முழம் மேலேயோ மீண்டும் அதே கறுப்பு தோன்றும்.

இதில் தவறு எங்கே நேர்கிறது? கொத்தனாரின் கைத்திறனில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. ‘இந்த நீர் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வியை யாரும் கேட்காமலே வேலை தொடங்கிவிடுகிறது. மாடித்தளத்திலிருந்து இறங்கிய மழைநீரா, மண்ணிலிருந்து ஏறிய நிலத்தடி நீரா, சுவருக்குள் புதைத்த குழாயின் கசிவா, காற்றிலிருந்து உப்பு இழுத்துக்கொண்ட ஈரமா? நான்கும் கண்ணுக்கு ஒரே கறையாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுப்பது எத்தகையதோ, அத்தகையதே நீரின் பிறப்பிடம் அறியாமல் சுவரைப் பூசுவதும். இந்தக் கேள்விக்கு விடை காணும் முறைகளை மனிதன் எவ்வாறு ஒவ்வொன்றாகக் கற்றான் என்பது சுவையான வரலாறு. அந்த வரலாற்றைக் காரைக்காலிலிருந்தே தொடங்கலாம்.

காரையும் கிளிஞ்சலும்

காரைக்கால் என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று, ‘காரையால் கட்டிய கால்வாய்’ என்பது. காரை என்பது சுண்ணாம்புச் சாந்து. கால் என்பது வாய்க்கால். இவ்விளக்கம் சரியோ அன்றோ, இந்த மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள உறவு பழமையானது. காரைக்காலின் மீனவர் ஊர்களுள் ஒன்றின் பெயர் கிளிஞ்சல்மேடு. சோழமண்டலக் கரையில் கிளிஞ்சல்களைப் பொறுக்கிக் காளவாயில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். மலையும் கல்லும் இல்லாத டெல்டாவில் கட்டடத்திற்கு வேண்டிய பொருள்களைக் கடலும் களிமண்ணும் தந்தன.

1739ஆம் ஆண்டு காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம் அவர்கள் ஆட்சி இங்கே நடந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் மாறியது. 1962இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. அந்தக் காலத்தில் வணிகர்களும் அதிகாரிகளும் கட்டிய பெரிய வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுந்தவை. ஐரோப்பியர் இங்கு வந்து சுவர் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்கள் நம் கொத்தனார்களிடம் கற்றுக்கொண்டதற்குச் சான்று இருக்கிறது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் மிகச் சிறந்த காரை தயாரிக்கும் முறையை விவரித்து, புகழ்பெற்ற வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியாயிற்று. மணலும் சுண்ணாம்பும் மட்டுமன்றி வெல்லம், கடுக்காய், தயிர், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவை அதில் இடம்பெற்றன. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி ஏறுவதற்கு முன்பே சோழமண்டலக் கரையின் கொத்துவேலை உலக விஞ்ஞானிகளின் மேசைக்குப் போய்விட்டது.

சுண்ணாம்புச் சுவரின் இயல்பு என்ன? சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி மணலுடன் குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. அந்தக் கல்லில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. மழை பெய்தால் சுவர் சிறிது நீரைக் குடிக்கும். வெயில் அடித்தால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். மாடித்தளமும் அப்படியே. தேக்கு விட்டங்களின்மேல் சிறிய செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பல நாள்கள் கட்டைகளால் தட்டித் தட்டி இறுக்கினார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர் பெற்ற தளம் இதுதான். நீர் உள்ளே வரவே கூடாது என்பது அந்தக் கட்டடக் கலையின் கொள்கை அன்று. வந்த நீர் திரும்பிப் போக வழி வேண்டும் என்பதே கொள்கை.

நீர் ஏன் மேலே ஏறுகிறது?

நீர் பள்ளம் நோக்கிப் பாயும் என்பது எல்லாரும் அறிந்தது. அப்படியிருக்க, மண்ணில் உள்ள நீர் சுவரில் மேல்நோக்கி ஏறுவது எப்படி? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைக் கவனித்தால் விடை கிடைக்கும். மெல்லிய குழாயை நீரில் நிறுத்தினால் நீர் தானாக உயர்கிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். குழாய் எவ்வளவு குறுகலோ, ஏற்றம் அவ்வளவு அதிகம் என்று 1718இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூரின் காட்டினார். ஆரம் 1 மில்லிமீட்டர் உள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 1½ சென்டிமீட்டர் உயரும். ஆரம் அதில் நூறில் ஒரு பங்கானால் உயரம் நூறு மடங்காகி 1½ மீட்டரைத் தொடும். செங்கல்லிலும் காரையிலும் உள்ள துளைகள் இத்தகைய நுண்புழைகளே.

ஆயினும் சுவரில் நீர் முடிவின்றி ஏறிக்கொண்டே போவதில்லை. கீழிருந்து நீர் ஏறுகிறது. பக்கவாட்டில் ஆவியாகி வெளியேறுகிறது. வரவும் செலவும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நின்றுவிடும். வழக்கமாக இது தரையிலிருந்து 1 மீட்டர் அளவில் அமையும். சுவர் இடுப்பளவுக்குக் கறுப்பது இதனால்தான். டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்தை நெருங்கிவிடும். குளங்களும் வாய்க்கால்களும் நிரம்பி நிற்கும். அப்போது சுவரின் அடிவாரம் நீரிலேயே நிற்பதாகக் கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பக்கவாட்டில் ஆவியாகும் வழியை அடைத்தால் என்ன ஆகும்? செலவு குறையும், ஆகவே நீர் இன்னும் மேலே ஏறும். பழைய காரைச் சுவரின்மேல் சிமென்டு பூசி, அதன்மேல் ஈரம் புகாத வண்ணமும் அடித்தவர்கள் அடுத்த ஆண்டு கறையை ஒரு முழம் மேலே காண்பதற்கு இதுவே காரணம்.

உப்பின் வேலை

மண்ணிலிருந்து ஏறும் நீர் தூய நீரன்று. குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட் உப்புகளைக் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆண்டுக்கு ஆண்டு சுவரின் முகப்பில் அது சேர்ந்துகொண்டே போகிறது. கடலோரத்தில் இன்னும் இரண்டு வரவுகள் உண்டு. கடற்காற்று நுண்திவலைகளாக உப்பைக் கொண்டுவந்து சுவரில் படிய வைக்கிறது. மலிவு கருதிக் கடல் மணலைக் கலந்து கட்டிய சுவரில் உப்பு பிறவியிலேயே அமைந்துவிடுகிறது.

சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அந்த வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவி 100 பங்கு என்றால், அதில் 75 பங்கு இருப்பதே 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். சுவரில் இருக்கும் உப்பும் ஜாடி உப்பைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஆகவே ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும், கூரை ஒழுகாத வீட்டிலும், சுவர் நனைந்தது போலத் தோன்றலாம்.

காரைக்கால் போன்ற ஊரில் காற்றின் ஈரம் இந்த 75 என்ற எல்லையை அடிக்கடி தாண்டி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். விடியற்காலையில் எல்லைக்கு மேலே. வெயில் ஏறிய பின் கீழே. ஆடிக் காற்றில் கீழே. ஐப்பசி மழையில் மேலே. எல்லைக்குக் கீழே இறங்கும்போது கரைந்த உப்பு மீண்டும் படிகமாகிறது. நுண்துளைக்குள் வளரும் படிகம் துளையின் சுவரை அழுத்துகிறது. காரை பொடிந்து உதிர்கிறது. உப்பு பூத்தல் என்று நாம் சொல்வது இதையே. கடலில் போலவே சுவருக்குள்ளும் ஓதம் ஏறுகிறது, வற்றுகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சுவர் சிறிது தேய்கிறது.

ஈர வீடும் ஏழை மக்களும்

சுவர் ஈரத்தை அளக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் எழுந்தது கட்டடத்தைக் காப்பதற்காக மட்டுமன்று, மனிதரைக் காப்பதற்காகவும்தான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் வேகமாக வளர்ந்தன. பூச்சு உலராத புது வீட்டில் வசதி படைத்தோர் குடியேற மாட்டார்கள். ஆகவே பெர்லின் நகரில் அத்தகைய வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஏழைகளுக்கு விட்டார்கள். அவர்கள் உடல் வெப்பத்திலும் அடுப்பு வெப்பத்திலும் சுவர் உலரும். உலர்ந்ததும் அவர்களை வெளியேற்றிவிட்டு நல்ல வாடகைக்கு வேறொருவரைக் குடிவைப்பார்கள். ‘உலர்த்திக் குடியிருப்போர்’ என்றே அந்த மக்களுக்குப் பெயர் இருந்தது. பிரெஞ்சு மொழியிலும் ‘பூச்சைத் துடைத்தல்’ என்றொரு வழக்கு இன்றும் வாழ்கிறது. புதிய ஒன்றின் தொல்லைகளை முதலில் அனுபவிப்பவரைப் பற்றி அப்படிச் சொல்வார்கள்.

இந்த நிலையில்தான் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவ விஞ்ஞானி வீட்டுக் காற்றையும் சுவரையும் ஆராயத் தொடங்கினார். 1850களில் அவர் செய்துகாட்டிய சோதனை ஒன்று புகழ்பெற்றது. உலர்ந்த செங்கல் சுவரின் இருபுறமும் மெழுகு பூசி, எதிரெதிரே இரண்டு இடங்களை மட்டும் திறந்துவிட்டு, ஒருபுறம் புனல் வைத்து ஊதினார். மறுபுறம் இருந்த மெழுகுவர்த்தியின் சுடர் அசைந்தது. சுவரை நனைத்துவிட்டு ஊதினால் காற்று ஊடுருவவில்லை. நுண்துளைகளை நீர் அடைத்துக்கொண்டதே காரணம். வீட்டின் காற்றோட்டத்தில் பெரும்பங்கு சுவர் வழியாக நிகழ்கிறது என்று அவர் நினைத்தது பின்னாளில் பிழை என்று தெரிந்தது. சன்னல், கதவு, இடுக்குகளே காற்றின் முக்கிய வழிகள். ஆனால் வீட்டின் ஈரத்தை எண்ணிக்கையாக அளந்து பேச வேண்டும் என்ற பழக்கத்தை உண்டாக்கியவர்களுள் அவர் ஒருவர்.

இங்கிலாந்தில் 1875இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1877இல் வெளியான மாதிரிக் கட்டட விதிகள், சுவரில் தரைக்குச் சற்று மேலே ஈரம் கடக்காத ஓர் அடுக்கை இடுமாறு கூறின. பலகைக்கல், ஈயத் தகடு, தார்க் கலவை முதலியவை இதற்குப் பயன்பட்டன. இன்று நம் நாட்டிலும் அடித்தளத்தின் மேல் ‘டி.பி.சி.’ என்று கொத்தனார்கள் போடும் அடுக்கு இதன் வழிவந்ததே. பழைய வீடுகளில் பெரும்பாலும் இந்த அடுக்கு இல்லை. உயர்ந்த திண்ணையும் உயர்த்திக் கட்டிய அடித்தளமுமே அவற்றின் காவல். தெருவை ஆண்டுதோறும் மேடாக்கிக்கொண்டே போவதால் அந்தக் காவலும் குறைந்துவருகிறது. ஒரு காலத்தில் படியேறிப் போன வீட்டுக்குள் இன்று படியிறங்கிப் போவதைப் பல ஊர்களில் காணலாம்.

சுகாதாரக் கவலை இன்றும் தீர்ந்துவிடவில்லை. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சு சம்பந்தமான நோய்களும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் எடுத்துக்காட்டியது.

அளக்கும் கருவிகள்

சுவரில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அறிய மிகப் பழைய வழி தராசு. சுவரில் மெதுவாகத் துளையிட்டுப் பொடியை எடுத்து நிறுக்க வேண்டும். 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். எடை எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் நீர். எளிய முறை, நம்பத்தக்க முறை. ஆனால் ஒரு நாளாவது ஆகும்; அடுப்பும் நல்ல தராசும் வேண்டும்.

விரைவான வழி ஒன்றை வேதியியல் தந்தது. கால்சியம் கார்பைடு கல்லில் நீர் பட்டால் அசிட்டிலீன் வாயு பிறக்கும். திருவிழாக் கடைகளில் முன்பு எரிந்த கார்பைடு விளக்குகள் இதே வாயுவால் எரிந்தவைதாம். எடுத்த பொடியை அளவிட்டு, கார்பைடுடன் மூடிய குப்பியில் இட்டுக் குலுக்கினால், நீருக்கு ஏற்ற அளவு வாயு உண்டாகிக் குப்பியின் அழுத்தமானி உயரும். சில நிமிடங்களில் விடை கிடைக்கும். மண்ணின் ஈரத்தை அறியச் சாலை, அணை வேலைகளில் இம்முறை இன்றும் பயன்படுகிறது. அசிட்டிலீன் தீப்பிடிக்கும் வாயு. ஆகவே பயிற்சி இல்லாதவர்கள் இதில் இறங்கக் கூடாது.

மூன்றாவது வழி மின்சாரம். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரமரம் கடத்தும். அமெரிக்காவில் மாடிசன் நகரின் வனப்பொருள் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் ஸ்டாம், மரத்தின் மின்தடையைக் கொண்டு அதன் ஈரத்தை அறியலாம் என்று 1927இல் காட்டினார். நன்றாக உலர்ந்த நிலைக்கும், இழைகள் நீரால் நிறைந்த நிலைக்கும் இடையே மரத்தின் மின்தடை ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மாறுகிறது. இத்தனை பெரிய மாற்றத்தை அளப்பது எளிது. இரண்டு ஊசிகளும் ஒரு மின்கலமும் கொண்ட கையடக்கக் கருவிகள் இதிலிருந்து பிறந்தன. மர வியாபாரிகளுக்காகப் பிறந்த கருவியை நாளடைவில் சுவருக்கும் வைத்துப் பார்த்தார்கள்.

சிக்கல் அங்கேதான் எழுந்தது. சுவரில் உப்பு இருந்தால், சிறிதளவு ஈரமும் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். கருவி ‘மிக ஈரம்’ என்று காட்டிவிடும். கடலோர வீட்டில் உப்பு இல்லாத சுவர் அரிது. ஆகவே கருவியின் முள்ளை மட்டும் நம்பினால், இல்லாத நோய்க்கும் மருந்து செய்ய நேரும். சுவரைத் துளைத்து இரசாயன நீர்மம் ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறார் என்று கேட்பது நல்லது.

அகச்சிவப்புக் கதிர்களைப் படமாக்கும் கருவிகளும் இன்று வந்துவிட்டன. இக்கதிர்களை 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். ஈரமான இடத்தில் நீர் ஆவியாவதால் அங்கே குளிர்ச்சி உண்டாகும். படத்தில் அது வேறு நிறமாகத் தெரியும். ஆனால் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும் கார்த்திகை நாளில் ஆவியாதல் மிகவும் குறைவு, படமும் மங்கிவிடும். காற்று உலர்ந்திருக்கும் பிற்பகலில் எடுத்தால்தான் இப்படம் பயன் தரும்.

இரண்டு எடைகள்

உப்பின் ஏமாற்றை முறியடிக்க என்ன செய்வது? இங்கிலாந்தில் 1921இல் தொடங்கிய கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்குத் தெளிவான முறை ஒன்றை வகுத்து, 1980களின் தொடக்கத்தில் எல்லாரும் பின்பற்றும்படி சிறு வெளியீடாகத் தந்தது. அதன் கருத்து எளிது. ஒவ்வொரு பொடிக்கும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இப்போது இதில் எவ்வளவு நீர் உள்ளது? காற்றிலிருந்து மட்டும் இது எவ்வளவு நீரை இழுத்திருக்க முடியும்?

சுவரின் காரை இணைப்புகளில், தரையிலிருந்து படிப்படியான உயரங்களில் பொடி எடுத்து, காற்றுப் புகாத சிமிழ்களில் அடைத்து, உடனே நிறுக்கிறார்கள். பிறகு 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள் திறந்து வைத்து, எடை மாறாத நிலை வந்ததும் மீண்டும் நிறுக்கிறார்கள். கடைசியில் சூட்டில் உலர்த்தி நிறுக்கிறார்கள். முதல் எடையிலிருந்து உள்ள நீரும், இரண்டாம் எடையிலிருந்து உப்பு இழுக்கக்கூடிய நீரும் தெரிந்துவிடும். பெட்டிக்குள் 75 விழுக்காட்டை எப்படி உண்டாக்குவது? அடியில் ஒரு தட்டில் சமையல் உப்பின் நிறைகரைசலை வைத்தால் போதும். காற்று தானே அந்த அளவில் நின்றுவிடும். நம்மை ஏமாற்றும் அதே உப்பு, ஏமாற்றைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் எடுத்த 100 கிராம் உலர் பொடியில் 12 கிராம் நீர் இருந்தது. பெட்டியில் அது இழுக்கக்கூடியது 3 கிராம்தான் என்று கொள்வோம். மீதி 9 கிராம் காற்றிலிருந்து வந்திருக்க முடியாது; வேறு ஊற்று உண்டு. 120 சென்டிமீட்டர் உயரத்தில் 6 கிராம் நீர். பெட்டியில் இழுப்பது 7 கிராம். இங்கே ஈரம் முழுவதும் உப்பின் வேலை. மேலே போகப் போக நீர் குறைந்தும் உப்பு கூடியும் வந்தால், மண்ணிலிருந்து நீர் ஏறுகிறது என்று முடிவு செய்யலாம். உயரம் முழுவதும் உப்பின் கணக்கே நீரின் கணக்கை விழுங்கிவிட்டால், ஊற்று எதுவும் இல்லை. உப்பேறிய பூச்சை மட்டும் நீக்கினால் போதும்.

காரைக்கால் போன்ற கடலோரத்தில் மற்றொரு நுட்பமும் தேவை. உள்நாட்டில் சுவரில் குளோரைடு இருப்பதே நிலத்தடி நீர் ஏறியதற்குச் சான்றாகலாம். இங்கே காற்றும் மணலும் வெள்ளமும் குளோரைடைத் தரும். நைட்ரேட்டோ மாட்டுக் கொட்டகை, சாக்கடை, உரமிட்ட வயல் ஆகியவற்றின் வழியே மண்ணில் சேர்வது, கடலிலிருந்து வருவதன்று. சுவரின் மேற்பகுதியில் நைட்ரேட் பட்டை தெரிந்தால், மண்நீர் அதுவரை ஏறியது என்று கூடுதல் உறுதியோடு கூறலாம்.

கான்கிரீட்டுக்குள் மறைந்த நோய்

போர்ட்லண்டு சிமென்டுக்கு 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்றார். இந்தியாவில் சிமென்டு செய்யும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று சென்னையில் நடந்தது. 1904இல் தொடங்கிய அந்த ஆலை கிளிஞ்சலையே மூலப்பொருளாகக் கொண்டது. பின்னர் கம்பி வைத்த கான்கிரீட் பரவியது. கடலோர ஊர்களிலும் மெட்ராஸ் டெரஸின் இடத்தை அது பிடித்தது.

கான்கிரீட்டின் காரத்தன்மை இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. குளோரைடு உள்ளே புகுந்தால் அந்தப் படலம் உடையும், கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்துச் சில்லுச் சில்லாகத் தளத்திலிருந்து விழும். விழும்வரை வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சுவரில் ஓதம் வந்தால் பூச்சு உதிரும். தளத்துக் கம்பியில் நோய் வந்தால் உறங்குபவர் தலைமீது விழும்.

இந்த மறைந்த நோயைக் கண்டறிய 1957இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல் ஒரு வழி காட்டினார். கடல்நீர்மேல் நின்ற பாலத்தின் கான்கிரீட் பரப்பில் மின்வாயை வைத்து, கம்பியின் மின்னழுத்தத்தை அளந்தார். செம்பு–மயில்துத்த மின்வாயோடு ஒப்பிடும்போது மின்னழுத்தம் மைனஸ் 350 மில்லிவோல்டுக்கும் கீழே போனால், அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது பின்னர் அமெரிக்கத் தரவிதியில் இடம்பெற்றது. நம் நாட்டில் இத்துறைக்குப் பெரும் பணி செய்த நிறுவனம் காரைக்குடியில் உள்ளது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் கடற்காற்றில் நிறுத்தி அரிமானத்தை ஆராய்ந்துவந்திருக்கிறது. கடலோரக் காற்றுக்கு நேரே நிற்கும் கான்கிரீட்டில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் கனத்திற்குக் காப்பு வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி கூறுவது இத்தகைய அனுபவங்களின் பயனே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கரையைத் தாக்கியது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் ஊர்களில் உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. தப்பி நின்ற சுவர்களுக்குள் கடல்நீர் புகுந்து வெளியேறியது. நீர் சில மாதங்களில் உலரும்; உப்பு உலராது. அத்தகைய சுவரை ‘காய்ந்துவிட்டது’ என்று கண்ணால் பார்த்து முடிவு செய்துவிட முடியாது. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில், 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை நான்கு நூற்றாண்டாகக் கடலை எதிர்த்து நிற்கிறது. 2004க்குப் பிறகு அவ்வூரின் பழைய வீடுகள் சிலவற்றை இன்டாக் அமைப்பு சீரமைத்தபோது, பழைய முறையிலேயே சுண்ணாம்புக் காரையைக் கையாண்டது. உப்பேறிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு தன்னையே பலியாகக் கொடுத்துச் செங்கல்லைக் காக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சை மாற்றினால் சுவர் பிழைக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஆய்வகம் இல்லாமலே பாதிக் கேள்விகளுக்கு விடை காணலாம். முதல் கருவி நாட்குறிப்பு. மழை பெய்த சில மணி நேரத்தில் கறை விரிந்து, மழை நின்றதும் சுருங்கினால், கூரையையும் வெளிச்சுவர் வெடிப்பையும் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் உச்சம் அடைந்து, கோடையில் மெதுவாக இறங்கினால் மண்நீரை ஐயப்படுங்கள். மழையே இல்லாத புழுக்க நாளில் நனைந்து, காற்று உலர்ந்ததும் வெண்பொடி பூத்தால், அது உப்பு. ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருந்தால், குழாய்க் கசிவு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடியபின் நீர்மானியின் முள் நகர்கிறதா என்று பார்த்தால் இது உறுதிப்படும்.

இரண்டாவது கருவி ஒரு முழச் சதுரப் பாலிதீன் தாள். அதைச் சுவரிலோ தரையிலோ நான்கு ஓரமும் இடைவெளியின்றி ஒட்டி, ஓரிரு நாள்கள் விட்டுவைக்க வேண்டும். தாளின் உட்புறம் நீர் முத்துகள் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் நனைந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. மூன்றாவது கருவி விரல் முட்டி. பூச்சைத் தட்டிப் பார்த்தால், சுவரைவிட்டு விலகிய இடம் பொள்ளலாக ஒலிக்கும். மாடித்தளத்தை ஐயப்பட்டால், வடிகாலை அடைத்துச் சிறிதளவு நீரை ஒரு நாள் தேக்கிவைத்துக் கீழே கவனிக்கலாம். தளம் பழையதாகவோ கம்பி தெரியும்படியோ இருந்தால் இதைச் செய்யக் கூடாது. பொறியாளரை அழைக்க வேண்டும்.

பள்ளி மாணவர்கள் தங்கள் தெருவில் பத்து வீடுகளை எடுத்துக்கொண்டு, கறையின் உயரத்தை மாதம் ஒருமுறை அடிக்கோலால் அளந்து குறித்துவரலாம். காரைக்காலில் வானிலைத் துறையின் நிலையம் இருப்பதால் மழையளவையும் காற்றின் ஈரத்தையும் அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓராண்டு முடிவில் எந்த வீட்டில் மண்நீர், எந்த வீட்டில் உப்பு என்பது கோட்டுப்படத்திலேயே பிரிந்து தெரியும். அடுத்த பொங்கலுக்குக் கொத்தனார் வருமுன் அந்தப் படத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தால், ஒரு குடும்பத்தின் வீண்செலவும், ஒரு பழைய சுவரும் மிஞ்சும்.